டிஷ்வாஷரின் கலங்கல் சென்சாரைக் கழற்றும் முன்

எங்கள் தெருவில் நான்கு வீட்டில் இப்போது டிஷ்வாஷர் இருக்கிறது. போன மாதம் எதிர்வீட்டு அக்கா வந்து சொன்னார்: "தம்பி, எட்டு டம்ளரும் நான்கு தட்டும்தான் வைத்தேன். ஆட்டோ புரோகிராமில் போட்டால் ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஓடுகிறது. கல்யாணப் பாத்திரம் கழுவுவதுபோல் தண்ணீரை மாற்றி மாற்றி எடுக்கிறது. சென்சார் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார்கள்."

இதே வார்த்தையை நான்கு ஆண்டுகளுக்கு முன் என்னிடமும் சொன்னார்கள். நம்பிப் புதுச் சென்சார் வாங்கி மாட்டினேன். மூன்று வாரம் நன்றாக ஓடியது. பிறகு அதே கோளாறு திரும்பியது. கழற்றிய பழைய சென்சாரை எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) கரைசலில் ஊறவைத்துத் துடைத்து மாட்டிப் பார்த்தேன். இன்றுவரை அதுதான் வேலை செய்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் டிஷ்வாஷர் வாங்கியிருப்பவர்கள் என்னைப்போல் வீண் செலவு செய்துவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். நம் ஊர்த் தண்ணீரில் சென்சார் பழுதாவதைவிட, அதன்மேல் உப்பு படிவதும் கலங்கல் தண்ணீர் உள்ளே வருவதும்தான் அதிகம். அதனால் முதலில் தண்ணீர், அடுத்து படிவு, பிறகு ஒயர், கடைசியில்தான் சென்சார் என்ற வரிசையில் போக வேண்டும்.

சென்சார் எதைப் பார்க்கிறது

இயந்திரத்தின் அடியில், தண்ணீர் தேங்கிச் சுழலும் குழியில், விரல் நுனி அளவுக்கு இரண்டு கொம்புகள் உள்ள தெளிந்த பிளாஸ்டிக் துண்டு ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். ஒரு கொம்பினுள் அகச்சிவப்பு ஒளி விடும் சிறு எல்.இ.டி., எதிர்க் கொம்பினுள் அந்த ஒளியை வாங்கும் போட்டோ டிரான்சிஸ்டர். இரண்டுக்கும் இடையில் கழுவும் தண்ணீர் ஓடுகிறது. தண்ணீர் தெளிவாக இருந்தால் ஒளி முழுதாக அந்தப் பக்கம் போய்ச் சேரும். சோற்றுப் பருக்கை, மாவு, எண்ணெய்த் துளி, மண் என எது மிதந்தாலும் ஒளி சிதறி, சென்று சேர்வது குறையும். எவ்வளவு குறைகிறது என்பதை வைத்து உள்ளிருக்கும் மின்னணுப் பலகை முடிவெடுக்கிறது: இதே தண்ணீரை அடுத்த கட்டத்துக்கும் வைத்துக்கொள்ளலாமா, வெளியேற்றிவிட்டுப் புதிதாகப் பிடிக்க வேண்டுமா, சூட்டைக் கூட்ட வேண்டுமா என்று. பல மாடல்களில் தண்ணீரின் சூட்டை அளக்கும் தெர்மிஸ்டரும் இதே துண்டுக்குள் இருக்கும்.

ஒருமுறை தண்ணீர் மாற்றுவது மிச்சமானால் மூன்று நான்கு லிட்டர் மிச்சம். கோடையில் டேங்கர் லாரிக்குக் காத்திருக்கும் வீட்டுக்கு அது சின்ன விஷயமாகத் தெரியாது.

இந்தக் கண்ணுக்குத் தெரிவது மிதக்கும் துகள் மட்டுமே. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பையோ ஃபுளோரைடையோ அது பார்க்காது. நம் இரண்டு மாவட்டங்களிலும் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளோரைடு மிகுந்து பல்லும் எலும்பும் கெட்டதால்தான் ஜப்பானியக் கடனுதவியுடன் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. 2013-இல் அது பயன்பாட்டுக்குத் திறக்கப்பட்டது. பளிங்குபோல் தெரிந்த போர்வெல் தண்ணீர்தான் அந்தக் கேட்டைச் செய்தது. ஆகவே டிஷ்வாஷர் தண்ணீர் மாற்றாமல் சீக்கிரம் முடித்துவிட்டது என்பதை வைத்து, வீட்டுத் தண்ணீர் குடிக்க நல்லது என்று யாரும் எண்ணிவிடாதீர்கள்.

இது சென்சார் கோளாறுதானா

கையேட்டில் புரோகிராம் பட்டியலைப் பாருங்கள். நேரம் "95 முதல் 160 நிமிடம்" என்பதுபோல் இரண்டு எண்ணாக இருந்தால், அந்த புரோகிராம் பெரும்பாலும் சென்சாரைக் கேட்டு ஓடுவது. ஒரே எண்ணாக இருந்தால் பெரும்பாலும் நிலையானது. ஆட்டோ மட்டும் தாறுமாறாக ஓடி, நிலையான புரோகிராம் ஒழுங்காக முடிந்தால் சந்தேகத்தைச் சென்சார் பக்கம் திருப்பலாம். இரண்டுமே தகராறு செய்தால், தண்ணீர் வெளியேறாமல் நின்றால், சூடே ஏறாமல் போனால், அது வேறு கதை. பம்பையோ ஹீட்டரையோ பார்க்க வேண்டும்.

கோளாறு இரண்டு விதமாக வரும். ஒன்று, அக்கா வீட்டில் நடந்ததுபோல் எதைப் போட்டாலும் மிக நீண்ட நேரம் ஓடுவது. மற்றது, எவ்வளவு அழுக்கு வைத்தாலும் சீக்கிரமே முடித்துவிட்டுப் பாத்திரத்தில் மாவைப் பூசிவைப்பது. முதலாவதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

முதல் வேலை: ஒரு கண்ணாடி டம்ளர்

டிஷ்வாஷருக்குப் போகும் அதே குழாயில் ஒரு கண்ணாடி டம்ளர் நிறையத் தண்ணீர் பிடியுங்கள். பின்னால் வெள்ளைத் தாளை வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். பிறகு மூடி, இரவு முழுவதும் அசையாமல் விட்டுவிடுங்கள். காலையில் அடியில் செம்மண்ணோ நுண்மணலோ படிந்திருந்தால், இத்தனை நாள் சென்சார் சொன்னது உண்மை. வெறும் தண்ணீரே கலங்கலாக வரும்போது எத்தனை முறை மாற்றினாலும் அது தெளியாது.

குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம், ஐ.எஸ். 10500, கலங்கலுக்கு 1 என்.டி.யூ.வை (கலங்கலை அளக்கும் அலகு) ஏற்கத்தக்க அளவு என்றும், வேறு நீர் கிடைக்காதபோது 5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும் சொல்கிறது. அந்த அளவுகளை வீட்டில் கண்ணால் பார்த்துச் சொல்வது கடினம். கண்ணுக்கே நன்றாகத் தெரியும் கலங்கல் என்றால் 5-ஐத் தாண்டியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கலங்கல் எப்போதெல்லாம் வந்தது என்று நினைவுபடுத்திப் பாருங்கள். லாரித் தண்ணீர் இறக்கிய அன்றைக்கா? மேல்நிலைத் தொட்டியைக் கழுவிய மறுநாளா? தெருவில் குழாய் உடைந்து சரிசெய்த வாரமா? கோடையில் போர்வெல் அடிமட்டத்துக்குப் போய் மோட்டார் சேற்றோடு இழுக்கும் நாள்களிலா? லாரி வந்த அன்றைக்கு மட்டும் இயந்திரம் நீண்ட நேரம் ஓடியது என்பதை அக்காவின் மகள் நாள்காட்டியில் குறித்து வைத்திருந்தாள். கேட்டவுடன் பாதிச் சிக்கல் அவிழ்ந்துவிட்டது.

தண்ணீரில்தான் குறை என்றால் மருந்து எளிது. தொட்டியைக் கழுவுங்கள். டிஷ்வாஷருக்குப் போகும் குழாயில் வண்டல் பிடிக்கும் வடிகட்டி ஒன்றைப் பொருத்துங்கள். பிளம்பர் அரை மணி நேரத்தில் மாட்டிவிடுவார். டிஷ்வாஷரின் தண்ணீர்க் குழாய் வந்து சேரும் முனையில் சிறு வலை ஒன்று இருக்கும். குழாயை மூடிவிட்டு முனையைத் திருகிக் கழற்றி, அந்த வலையைப் பழைய பல்துலக்கியால் தேயுங்கள். நம் பக்கத்துப் பாறை நிலத்துப் போர்வெல்களில் வரும் கருமணல் அதில்தான் போய் அடையும்.

இரண்டாவது: வெறும் ஓட்டமும் மாவு ஓட்டமும்

செலவே இல்லாத இந்தச் சோதனையைச் செய்யாமல் யாரையும் வீட்டுக்கு அழைக்காதீர்கள். தண்ணீர் தெளிவாக வரும் ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள். அடியில் இருக்கும் உருளை வடிகட்டியையும் தட்டு வடிகட்டியையும் எடுத்துக் கழுவி, சரியாகத் திருகிப் பூட்டுங்கள். பாத்திரம் எதுவும் வைக்காமல், சோப்பும் போடாமல், ஆட்டோவில் ஓடவிட்டுத் தொடங்கிய நேரத்தையும் முடிந்த நேரத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். அழுக்கே இல்லாததால் கையேட்டில் உள்ள இரண்டு எண்களில் சிறியதை ஒட்டி முடிய வேண்டும்.

அடுத்து மாவு ஓட்டம். இரண்டு தட்டில் இட்லி மாவை மெல்லப் பூசுங்கள், காயவிட வேண்டாம். ஒரு கிண்ணத்தில் கேழ்வரகுக் கூழை நிரப்பிக் கீழ்த்தட்டில் நிமிர்த்தி வையுங்கள். மாவையோ பாலையோ நேரே இயந்திரத்தின் அடியில் ஊற்றினால் பயனில்லை, ஏனென்றால் பல இயந்திரங்கள் தொடக்கத்திலேயே அடியில் இருப்பதை வெளியேற்றிவிட்டுத்தான் புதுத் தண்ணீர் பிடிக்கும். மீண்டும் ஆட்டோவில் ஓட்டி நேரம் குறியுங்கள்.

என் இயந்திரத்தில் வெறும் ஓட்டம் 1 மணி 35 நிமிடத்திலும் மாவு ஓட்டம் 2 மணி 30 நிமிடத்திலும் முடிகிறது. இப்படி இரண்டுக்கும் நல்ல வேறுபாடு இருந்தால் சென்சார் பார்க்கிறது, பலகை கேட்கிறது, அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இரண்டுமே நீண்ட நேரம் ஓடினால் ஒளியை ஏதோ மறைக்கிறது. இரண்டுமே சீக்கிரம் முடிந்தால் சென்சாரோ ஒயரோ செத்திருக்கலாம். சில இயந்திரங்கள் சென்சாரிடமிருந்து பதில் வராவிட்டால் பாதுகாப்புக்காக நீண்ட ஓட்டத்தையே எடுத்துக்கொள்ளும் என்பதையும் மனத்தில் வையுங்கள்.

களி கிண்டிய பாத்திரத்தைப் பற்றி ஒரு சொல். கேழ்வரகுக் களி ஒட்டிய பாத்திரத்தை அப்படியே உள்ளே வைத்தால் அதன் மாவுச்சத்து கரைந்து தண்ணீரைப் பழுப்பாக்கிவிடும். சென்சார் தண்ணீரை மாற்றச் சொல்வது அப்போது நியாயம்தான். ஒரு கை தண்ணீர் விட்டு ஊறவைத்து, வழித்தெடுத்துவிட்டு வையுங்கள். அலுமினியக் குண்டானில் கிண்டுகிறவர்கள் அதை டிஷ்வாஷரில் வைக்கவே வேண்டாம். காரச் சோப்பில் அது கறுத்துவிடும்.

மூன்றாவது: நுரையும் காற்றும்

குமிழியும் ஒளியைச் சிதறடிக்கும். சென்சாருக்கு அது அழுக்குபோலவே தோன்றும். கையால் பாத்திரம் துலக்கும் சோப்புத் திரவம் ஒரு சொட்டு உள்ளே போனாலும் நுரை எழும். ஊறவைக்கும்போது அந்தச் சோப்பைப் போட்டிருந்தால் நன்றாக அலசிவிட்டு வையுங்கள். பளபளப்புத் திரவத்தின் (ரின்ஸ் எய்டு) அளவைக் கூட்டி வைத்திருந்தாலும் நுரைக்கும். ஒரு படி குறைத்துப் பாருங்கள். ஓட்டத்தின் நடுவில் கதவை மெல்லத் திறந்து, பம்பு நின்றபின் பார்த்தால் நுரை மெத்தையாக நிற்பது தெரியும். நீராவி முகத்தில் அடிக்கும், ஒதுங்கி நில்லுங்கள்.

தண்ணீரின் அழுத்தமும் இதில் சேர்ந்தது. பல கையேடுகள் குறைந்தது 0.5 பார் அழுத்தம் கேட்கின்றன. தொட்டிக்கும் இயந்திரத்துக்கும் ஒவ்வொரு மீட்டர் உயர வேறுபாட்டுக்கும் ஏறத்தாழ 0.1 பார். அதாவது தொட்டித் தண்ணீர் ஐந்து மீட்டர் உயரத்திலாவது நிற்க வேண்டும். தரைத்தள வீட்டு மொட்டைமாடியில் நேரடியாக வைத்த தொட்டி அந்த உயரத்தை எட்டுவதில்லை. போதிய தண்ணீர் பிடிக்காமல் ஓடும்போது பம்பு காற்றையும் சேர்த்து இழுக்கிறது. தண்ணீர் முழுக்கக் குமிழியாகிறது. அடுப்பங்கரைக் குழாயில் பத்து லிட்டர் வாளி ஒரு நிமிடத்துக்குள் நிறைகிறதா என்று பாருங்கள். நிறையாவிட்டால் சென்சாரை விட்டுவிட்டு, தொட்டியை உயர்த்துவதையோ சிறு பிரஷர் பம்பு வைப்பதையோ யோசியுங்கள்.

நான்காவது: உப்புப் படிவு

நம் ஊர்க் கதையின் நடுநாயகம் இதுதான். தண்ணீரில் கரைந்த சுண்ணாம்பு, மக்னீசியம் உப்புகளின் அளவான மொத்தக் கடினத்தன்மைக்கு ஐ.எஸ். 10500 லிட்டருக்கு 200 மில்லிகிராம் ஏற்கத்தக்கது என்றும் 600 வரை பொறுக்கலாம் என்றும் சொல்கிறது. நம் பகுதியில் பல போர்வெல்கள் இதில் மேல்கோட்டுப் பக்கம் நிற்பவை. சூடாகும்போது அந்தச் சுண்ணாம்பு பிரிந்து எல்லாவற்றின்மேலும் வெள்ளையாகப் படிகிறது. சென்சாரின் கொம்பின்மேலும் படிகிறது. வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் நீங்கள் பார்க்கும் அதே வெள்ளைதான்.

கண்ணாடி டம்ளரில் மங்கல் இருந்தால் அதன்மேல் கொஞ்சம் வினிகரைத் தேயுங்கள். மங்கல் போனால் உப்புப் படிவு. உள்ளே சென்சாரும் அப்படித்தான் இருக்கும். போகாவிட்டால் கண்ணாடியே அரித்துவிட்டது, அதற்கு வழியில்லை.

பெரும்பாலான இயந்திரங்களுக்குள் தண்ணீரை மென்மையாக்கும் சாஃப்ட்னர் இருக்கிறது. அது உப்பை வைத்துத்தான் புதுப்பித்துக்கொள்ளும். இணையத்தில் கிடைக்கும் கடினத்தன்மைச் சோதனைத் தாளால் உங்கள் தண்ணீரை அளந்து, அந்த எண்ணுக்கு ஏற்பச் சாஃப்ட்னரை அமையுங்கள். டி.டி.எஸ். மீட்டர் இதற்கு உதவாது. அது எல்லா உப்பையும் கூட்டிச் சொல்லும். கையேடு ஜெர்மன் டிகிரியில் கேட்டால், ஒரு டிகிரி என்பது லிட்டருக்கு 17.8 மில்லிகிராம், லிட்டருக்கு 600 மில்லிகிராம் உள்ள தண்ணீர் ஏறக்குறைய 34 டிகிரி. அக்கா வீட்டில் இந்த அமைப்பு வாங்கிய நாளிலிருந்து மிகக் குறைந்த படியிலேயே இருந்தது.

உப்பு விஷயத்தில் சிக்கனம் வேண்டாம். மளிகைக் கடைக் கல் உப்பில் கரையாத மண்ணும் தூசியும் இருக்கும். தூள் உப்பில் கட்டியாகாமலிருக்கச் சேர்க்கும் பொருள் இருக்கும். இரண்டுமே சாஃப்ட்னரை அடைக்கும். டிஷ்வாஷருக்கென்று விற்கும் உப்பையே போடுங்கள்.

படிவை எடுக்க, காலி இயந்திரத்தில் கீழ்த்தட்டில் ஒரு கிண்ணம் வைத்து அதில் ஏறத்தாழ 100 கிராம் எலுமிச்சை உப்பைப் போட்டு, 50 முதல் 60 டிகிரி சூட்டில் நிலையான புரோகிராம் ஒன்றை ஓடவிடுங்கள். அன்று சோப்பு வேண்டாம். பிளீச்சிங் பவுடரோ குளோரின் கலந்த எதுவுமோ இதனோடு சேரவே கூடாது. நச்சு வாயு வரும். முடிந்தபின் வெறும் தண்ணீரில் ஒருமுறை ஓட்டுங்கள். பிறகு இரண்டாவது படியின் வெறும் ஓட்டத்தை மீண்டும் செய்து நேரத்தை ஒப்பிடுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு என்று சந்தேகப்பட்டால், இன்னொரு நாள் சோப்புப் போட்டு 65 அல்லது 70 டிகிரியில் காலியாக ஓட்டுங்கள்.

அக்கா வீட்டு இயந்திரம் இந்தப் படியிலேயே சரியாகிவிட்டது. வெறும் ஓட்டம் 2 மணி 50 நிமிடத்திலிருந்து 1 மணி 40 நிமிடத்துக்கு இறங்கியது.

ஐந்தாவது: கழற்றிப் பார்ப்பது

உத்தரவாதக் காலம் முடியாவிட்டால் கழற்றாதீர்கள். இதுவரை எழுதிவைத்த நேரங்களையும் டம்ளர்ச் சோதனையின் படத்தையும் சர்வீஸ்காரரிடம் காட்டுங்கள். அப்படிக் காட்டியவரிடம் "பலகையை மாற்றிப் பார்ப்போம்" என்று யாரும் எளிதில் சொல்லிவிட முடியாது.

காலம் முடிந்திருந்தால், ஸ்க்ரூ டிரைவர் பிடித்துப் பழகியவராக இருந்தால் மட்டும் தொடருங்கள். சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே பிடுங்குங்கள். தண்ணீர்க் குழாயை மூடுங்கள். ஹீட்டர் ஆற அரை மணி நேரம் விடுங்கள். அடியில் தேங்கிய தண்ணீரைப் பஞ்சால் ஒற்றி எடுங்கள். உடைந்த கண்ணாடித் துண்டு கிடக்கும், வெறுங்கையை விடாதீர்கள். சென்சார் இருக்கும் இடம் மாடலுக்கு மாடல் மாறும். சிலவற்றில் முன்பக்கக் கீழ்த்தகட்டை எடுத்தாலே கை எட்டும், சிலவற்றில் இயந்திரத்தைச் சாய்க்க வேண்டும். சாய்ப்பதாக இருந்தால் இரண்டு பேர் வேண்டும், கீழே ஜமக்காளம் விரியுங்கள். தகட்டு விளிம்புகள் கத்திபோல் இருக்கும், கையுறை போடுங்கள்.

முதலில் ஒயரைப் பாருங்கள். டிஷ்வாஷரின் அடி கதகதப்பாக இருப்பதால் எலி குடிவருவது இயல்பு. கடித்த ஒயர், பச்சை பூத்த கனெக்டர், கனெக்டருக்குள் ஈரம் ஆகியவற்றைச் சரிசெய்தாலே வேலை முடிந்துவிடலாம். கழற்றும் முன் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

சென்சாரைச் சில மாடல்களில் கால் வட்டம் திருப்பினால் வரும், சிலவற்றில் கொக்கி பிடித்திருக்கும். கொம்புகள் வெள்ளையாகவோ பிசுக்காகவோ இருந்தால் வெதுவெதுப்பான எலுமிச்சை உப்புக் கரைசலில் கொம்பு மட்டும் நனையும்படி கால் மணி நேரம் வைத்து, மென்மையான துணியால் துடையுங்கள். கம்பி நார் படவே கூடாது. கீறல் விழுந்தால் அந்தக் கண் என்றைக்கும் மங்கல்தான். மஞ்சள் கறை தெரிந்தால் கவலை வேண்டாம். மஞ்சள்தூளின் நிறம் நம் கண்ணுக்குத்தான். அகச்சிவப்பு ஒளியை அது மறிப்பதில்லை. ரப்பர் வளையம் வெடித்திருந்தால் புதியது போடுங்கள், இல்லையென்றால் தண்ணீர் கசிந்து மின்பகுதியில் இறங்கும்.

மல்டிமீட்டர் வைத்திருப்பவர்கள் இரண்டு சோதனை செய்யலாம். தெர்மிஸ்டர் முனைகளுக்கு இடையே ஓம் அளந்துகொண்டே, சென்சாரின் நுனியை வெந்நீர் டம்ளரில் தொடவிடுங்கள். எண் சீராக இறங்க வேண்டும். இறங்காமல் நின்றாலோ துள்ளினாலோ அது பழுது. அடுத்து, மீட்டரை டையோடு நிலையில் வைத்து எல்.இ.டி. முனைகளைத் தொடுங்கள். ஒரு பக்கம் 1 வோல்ட்டை ஒட்டிய எண் காட்டி, முனைகளை மாற்றினால் எதுவும் காட்டாமல் இருக்க வேண்டும். இரு பக்கமும் காட்டாவிட்டால் எல்.இ.டி. அறுந்துவிட்டது. சென்சாருக்குள் தனியாகச் சிறு மின்பலகை இருக்கும் மாடல்களில் இந்த இரண்டாவது சோதனை எதையும் சொல்லாது. இயந்திரத்தைத் திறந்து வைத்தபடி மின்சாரம் கொடுத்து அளக்கும் வேலையை, தேர்ந்த மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். தண்ணீரும் 230 வோல்ட்டும் ஒன்றாக இருக்கும் இடம் அது.

மாற்றியபின்

சென்சார் போய்விட்டது உறுதியானால், கதவின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் முழு மாடல் எண்ணைக் கொடுத்து வாங்குங்கள். பெயர் ஒன்றாக இருந்தாலும் எண்ணின் கடைசி இரண்டு எழுத்து மாறினால் சென்சாரும் மாறலாம். பாகம் வரும்வரை இயந்திரத்தைச் சும்மா வைக்க வேண்டாம். ஆட்டோவை விட்டுவிட்டு நிலையான புரோகிராமில் ஓட்டிக்கொள்ளலாம்.

புதியதை மாட்டியபின், சுத்தம் செய்து மாட்டிய பழையதாக இருந்தாலும், முதல் ஓட்டம் முக்கியம். பல இயந்திரங்கள் தெளிந்த தண்ணீரில் கிடைக்கும் ஒளியைத் தமக்கு அளவுகோலாக எடுத்துக்கொள்கின்றன. அந்த நேரத்தில் கலங்கல் தண்ணீர் போனால் அதையே தெளிவு என்று கற்றுக்கொள்ளும். ஆகவே லாரித் தண்ணீர் வந்த அன்றோ தொட்டி கழுவிய அன்றோ இதைச் செய்யாதீர்கள். தண்ணீர் தெளிந்த நாளில், பாத்திரமும் சோப்பும் இல்லாமல், நீண்ட புரோகிராமை ஒருமுறை முழுதாக ஓடவிட்டு, பிறகு வெறும் ஓட்டத்தையும் மாவு ஓட்டத்தையும் செய்து இரண்டு எண்களையும் தேதியோடு கையேட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெறும் ஓட்டம் ஓட்டி அந்த எண்ணோடு ஒப்பிடுங்கள். கால் மணி நேரத்துக்கு மேல் கூடியிருந்தால் எலுமிச்சை உப்பு போடும் நாள் வந்துவிட்டது.